சும்மா இருக்கும் சத்தம்

ஒளிபரப்பு அக்டோபர் கடைசியில்.
அதனால் செத்தவர்களின் இரவை
ஜூன் மாதத்துப் பகலில் எடுத்தோம்,
லென்சுக்கு முன்னால் நீலக் கண்ணாடி வைத்து.
டார்பிஷயர் மேட்டில் ஒன்பது கற்கள்.
நடுவே, மூட்டையில் கொண்டுவந்த சருகுகளை
உதவி இயக்குநன் தூவிக்கொண்டிருந்தான்,
கோழிக்குத் தீனி போடுகிறவன்போல.

சூனியக்காரிகள் ஏழு பேர்.
அதில் இருவர் ஆண்கள்.
தலைவி மாரீன் ஹாட்ஃபீல்டு
பஸ் டிப்போவில்
தொலைந்த குடைகளுக்குச் சீட்டு எழுதுகிறவள்.
'உடையில்லாமல் செய்வீர்களாமே?'
என்று கேட்டார் இயக்குநர் கிளைவ்.
'செய்வோம். வீட்டில், ஹீட்டர் போட்டுக்கொண்டு.'

திரைச்சீலைத் துணியில் தைத்த அங்கிகள்.
ஒன்றின் விளிம்பில்
பித்தளை வளையங்களைப் பிரிக்காமலே விட்டிருந்தார்கள்.
நடக்க நடக்கக் கிணுகிணுத்தது.
அதை வெட்டச் சொன்னவன் நான்தான்.
ஒலிப்பதிவு என் வேலை.
தோளில் டேப் ரெக்கார்டர், காதில் உலகம் முழுக்க.

வடக்கே நின்றவர் மண்ணை அழைத்தார்.
கிழக்கே நின்றவள் காற்றை அழைத்தாள்.
காற்று உடனே வந்தது,
வந்து மைக்கில் மோதியது.
'கட்' என்றேன்.
இரண்டாம் தடவை ஒரு விமானம்.
மூன்றாம் தடவை பிலிம் தீர்ந்துவிட்டது.
மாரீன் உப்பைத் தரையிலிருந்து பொறுக்கி
மறுபடி கிண்ணத்தில் போட்டாள்,
கூடவே இரண்டு எறும்புகளையும்.
'ஒரு தெய்வத்தை எத்தனை தடவை கூப்பிடலாம்?'
'வெளிச்சம் இருக்கிறவரைக்கும்' என்றார் கிளைவ்.

இறந்தவர்களின் பெயர் சொல்லும் இடம் வந்ததும்
அவள் மாட்டேன் என்றாள்.
'ஜூனில் கூப்பிட்டால் வருவார்கள்.
வந்து, இதையெல்லாம் பார்ப்பார்கள்.'
கிளைவ் கெஞ்சினார். வாட்சைக் காட்டினார்.
கடைசியில் கத்தியை உயர்த்தி, கண்ணை மூடி,
தழுதழுத்த குரலில் சொன்னாள்:
பெல்ப்பர்.
ஆம்பர்கேட்.
வாட்ஸ்டாண்ட்வெல்.
கிராம்ஃபர்டு.
கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
அவரும் கிளைவும் லண்டன்காரர்கள்.
அது மேட்லாக் போகும் பஸ்ஸின் நிறுத்தங்கள் என்று
நான் சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து, கேபிளைச் சுருட்டும்முன் கேட்டேன்:
'முப்பது நொடி யாரும் பேசாதீர்கள், அசையாதீர்கள்.
இந்த இடம் சும்மா இருக்கும் சத்தம் வேண்டும்.
வெட்டிய இடங்களில் ஒட்டுவதற்கு.'
எங்கும் கேட்பதுதான்.
அங்கி போட்டவர்களும் போடாதவர்களும்
நின்ற நிலையில் நின்றோம்,
கிளைவ் வாயருகே கொண்டுபோன சிகரெட்டோடு.
தூரத்தில் ஓர் ஆடு.
பிறகு அதுவும் இல்லை.
ஊசி அடியில் கிடந்தது, துடிக்கவில்லை.
பத்தொன்பதாவது நொடியில் நிமிர்ந்து பார்த்தேன்.
மாரீனின் உதடுகள் அசைந்தன.
நான்கைந்து பெயர் இருக்கும்.
டேப்பில் எதுவும் இல்லை. பலமுறை போட்டுக் கேட்டுவிட்டேன்.
முப்பது ஆனதும் நிறுத்தச் சொல்லத் தோன்றாமல்
ஐம்பதுவரை ஓடவிட்டேன்.

எடிட்டிங்கில் ஒரு முரசு சேர்ந்தது,
ஏதோ ஆப்பிரிக்கத் தட்டிலிருந்து.
ஒரு கனத்த குரல் சேர்ந்தது:
'இங்கிலாந்தின் இருண்ட ரகசியம்...'
எதிர்க்கருத்து சொல்ல ஒரு பாதிரியார்,
கல்லறைத் தோட்டத்து பெஞ்சில்.
'அங்கே எதுவும் இல்லை,' என்றார், 'எல்லாம் சூனியம்.'
'எதுவும்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு லாரி போயிருந்தது.
அதை வெட்டினோம்.
ஒட்ட அவருடைய மௌனம் கிடைக்கவில்லை;
மனிதர் தேநீர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.
மேட்டில் எடுத்ததிலிருந்து இரண்டு நொடி எடுத்தேன்.
எந்த இரண்டு என்று கேட்காதீர்கள்.

ஒளிபரப்பான இரவு
டிவி ஒலியைக் கூட்டிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தேன்.
'அங்கே எதுவும்' என்றார் பாதிரியார்.
பிறகு அந்த மேடு.
பிறகு 'இல்லை.'
'எதைக் கேட்கிறாய்?' என்றாள் மனைவி.

மாரீன் பார்த்திருக்க மாட்டாள்.
அக்டோபர் கடைசி அல்லவா,
அன்றைக்கு அவர்களுக்கு வேலை இருந்தது.